அட்டை சொல்லும் சத்தும் பயிர் எடுக்கும் சத்தும்

மண்வள அட்டைத் திட்டத்தின் விதிப்படி பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒன்று. இரண்டரை ஹெக்டேரின் மேல்மண்ணைப் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அள்ளி எடை போட்டால் ஏறத்தாழ 50 லட்சம் கிலோ வரும். அதற்குச் சாட்சியாக ஆய்வகத்துக்குப் போவது அரைக் கிலோ. அதிலும் மணிச்சத்தை அளக்கக் கரைசலில் இடுவது சில கிராம்தான். அந்தச் சில கிராமிலிருந்து வரும் எண்தான் பல விவசாயிகளின் அட்டைகளில் அச்சாகிறது. 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கிய இத்திட்டத்தின் முதல் சுற்றிலேயே நாடெங்கும் பத்துக் கோடிக்கு மேல் அட்டைகள் வழங்கப்பட்டன. இது மிகப் பெரிய முயற்சிதான். ஆனால் ஆண்டுக்கு இரண்டு, மூன்று போகம் எடுக்கும் நிலத்தில் அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் பற்றி இங்கே பேச்சு குறைவு.

காவிரி டெல்டாவை எடுத்துக்கொள்வோம். குறுவை, தாளடி, அதன் ஈரத்தில் உளுந்து அல்லது பயறு என்று ஒரே வயல் ஆண்டு முழுவதும் உழைக்கிறது. 1960களின் தொடக்கத்தில் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்குத் தஞ்சாவூர் தேர்வானது முதல், ரசாயன உரமும் குட்டை ரகங்களும் இங்கே முழு வேகத்தில் இறங்கின. அதற்கு முன்பே, 1934இல், மேட்டூர் அணை எழுந்துவிட்டது. ஆற்றோடு வந்து வயலில் படிந்த வண்டலில் பெரும்பகுதி அதன்பின் நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கியது. வெளியே போகும் சத்து பெருகியது, இயற்கையாக வரும் சத்து சுருங்கியது. இப்படிப்பட்ட நிலத்தின் வளத்தை எப்படி மதிப்பிடுவது? ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மண்ணியலார் இதற்குக் கொடுத்து வந்த பதில்களைச் சற்று வரிசை மாற்றிப் பார்க்கலாம்.

முதலில் ஒரு கணக்கு. நம் ஆய்வகங்கள் தழைச்சத்தை அளப்பது காரப் பெர்மாங்கனேட் முறையில். சுப்பையாவும் அசிஜாவும் 1956இல் வெளியிட்ட முறை அது. ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே வந்தால் 'குறைவு'. ஒரு விவசாயியின் அட்டையில் 240 கிலோ என்று வந்து, பக்கத்தில் 'குறைவு' என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். நெற்பயிர் ஒரு டன் நெல் தர ஏறத்தாழ 15 கிலோ தழைச்சத்தை உறிஞ்சுகிறது. 240 கிலோவும் உண்மையிலேயே பயிருக்குக் கிடைக்குமானால், ஒரு பிடி யூரியா இல்லாமல் ஹெக்டேருக்கு 16 டன் விளைய வேண்டும். எந்த வயலிலும் அப்படி விளைவதில்லை. உரமே இடாத நன்செய் வயல் ஒரு பருவத்தில் பயிருக்குத் தரும் தழைச்சத்து பெரும்பாலும் 40 முதல் 80 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆக, அட்டையில் 'கிலோ' என்று இருப்பது கிலோவே அல்ல. அது ஒரு குறியீட்டு எண். ஒரு ரசாயனக் கரைசல் குறிப்பிட்ட நேரத்தில் அந்த மண்ணிலிருந்து எவ்வளவு பிரித்தெடுத்தது என்பதற்கான அளவு. அந்த எண் விளைச்சலோடு ஒத்துப் போகிறதா என்று வயலில் சோதித்துப் பார்த்த பிறகுதான் அதற்குப் பொருள் உண்டாகிறது. அந்தச் சோதனை இல்லாத எண்ணுக்குப் பக்கத்தில் 'குறைவு', 'நடுத்தரம்', 'அதிகம்' என்று முத்திரை குத்துவது வெறும் சடங்கு. இந்திய மண்களில் பெரும்பாலானவை தழைச்சத்தில் 'குறைவு' என்றே வருகின்றன. எல்லோருக்கும் ஒரே விடையைச் சொல்லும் சோதனையால் யாருக்கு என்ன பயன்?

கரைசல்களைக் கண்டுபிடித்தவர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். பயிரின் வேர் செய்வதை ஒரு குடுவைக்குள் செய்து காட்டும் திரவம் எது என்பதுதான் அவர்களின் தேடல். மணிச்சத்துக்கு, அமில மண்ணில் பிரே முறை, கார மண்ணிலும் சுண்ணாம்பு மண்ணிலும் 1954இல் வந்த ஓல்சன் முறை. துத்தநாகம், இரும்பு போன்ற நுண்ணூட்டங்களுக்கு 1978இல் லிண்ட்சே, நார்வெல் இருவரும் தந்த டி.டி.பி.ஏ. கரைசல். சாம்பல்சத்துக்கு அம்மோனியம் அசிடேட். இவற்றில் பல குறிப்பிட்ட மண் வகைகளுக்காக உருவானவை. நீலகிரியின் அமில மண்ணுக்கு ஓல்சன் முறையையும் டெல்டாவின் கார மண்ணுக்குப் பிரே முறையையும் பயன்படுத்தினால் இரண்டு இடத்திலும் எண் கிடைக்கும், பொருள் கிடைக்காது.

நெல் வயலுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, அதுவே பெரிய சிக்கல். மாதிரியை நிழலில் உலர்த்தி, பொடித்து, இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துத்தான் சோதிக்கிறார்கள். பயிர் நிற்பதோ சேற்றில். சேறாகி நீர் நின்ற மண் வேறு மண். இதை முழுமையாக விளக்கியவர் இலங்கையில் பிறந்து, பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய பொன்னம்பெருமா. நீரில் மூழ்கிய மண்களின் வேதியியல் பற்றி அவர் 1972இல் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் இத்துறையின் அடிப்படை நூல்போல நிற்கிறது. நீர் தேங்கிய சில வாரங்களில் அமில மண்ணின் கார அமில நிலை ஏறுகிறது, கார மண்ணில் அது இறங்குகிறது, இரண்டும் நடுநிலையை ஒட்டி வந்து சேர்கின்றன. ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு வேறு வடிவம் எடுக்கிறது. அதோடு பிணைந்திருந்த மணிச்சத்து விடுபடுகிறது. அதே நேரத்தில் துத்தநாகம் பயிருக்கு எட்டாமல் போகிறது. நைட்ரேட்டாக இருந்த தழைச்சத்து வாயுவாகிப் பறந்துவிடுகிறது. உலர்ந்த மண்ணில் 'போதுமானது' என்று வந்த துத்தநாகம் சேற்றில் போதாமல் போவதும், 'குறைவு' என்று வந்த மணிச்சத்து பயிருக்குப் போதுமானதாக இருப்பதும் இப்படித்தான். பந்த்நகரில் நெனே 1966இல் துத்தநாகக் குறைபாட்டின் விளைவென்று கண்டறிந்த கைரா நோய் நெற்பயிரில்தான் தென்பட்டது என்பது தற்செயல் அல்ல. தமிழ்நாட்டு மண் மாதிரிகளில் பாதிக்கும் மேலானவை துத்தநாகத்தில் குறைபாடு உடையவை. நடவின்போது ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடச் சொல்வது இதனால்தான்.

மொத்த இருப்புக்கும் கிடைக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளிக்கு லாஸ் பானோஸிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அங்கே ஆரம்பித்து, பின்பு ஆண்டுக்கு மூன்று போகம் என்று தொடர்ந்த நீண்டகாலப் பரிசோதனை வயலில், நல்ல ரகம், நல்ல உரம், பூச்சிக் கட்டுப்பாடு எல்லாம் இருந்தும் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. 1990களின் தொடக்கம் வரை இந்தச் சரிவு தொடர்ந்தது. மண்ணைச் சோதித்தால் அங்ககக் கரிமமும் மொத்தத் தழைச்சத்தும் குறையவே இல்லை. பழைய முறையில் மதிப்பிட்டால் அது வளமான நிலம்தான். மண் தண்ணீரிலேயே கிடந்ததால் மட்கிய பொருளின் தன்மை மாறி, தழைச்சத்து அதற்குள் இறுகிப் பிணைந்துவிட்டது என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். பத்தாயம் நிறைய நெல் இருந்தும் அதன் வாய் அடைபட்டுக் கிடந்ததைப் போன்ற நிலை. போகங்களுக்கு இடையே நிலத்தைக் காயவிட்டு, உரத்தின் அளவையும் இடும் காலத்தையும் மாற்றிய பிறகு விளைச்சல் மீண்டும் ஏறியது. குறுவை அறுத்த தாள் மட்குவதற்குள் தாளடிக்குச் சேறடிக்கும் நம் விவசாயிகளுக்கு இதில் நேரடியான செய்தி உண்டு. இரண்டு போகத்துக்கு நடுவே கிடைக்கும் சில வாரக் காய்ச்சலும் உரச் செலவில் சேரும் கணக்குதான்.

அப்படியானால் குடுவையை நம்பாமல் யாரை நம்புவது? பயிரையே நம்பலாம் என்பது 1990களில் வலுப்பெற்ற பதில். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆசியாவின் பல தீவிர நெல் வட்டாரங்களில் விவசாயிகளின் வயல்களிலேயே ஆய்வு நடத்தியது. அவற்றில் ஒன்று ஆடுதுறையை மையமாகக் கொண்ட காவிரி டெல்டா. முறை எளியது. வயலின் ஒரு சிறு பகுதியில் ஒரு சத்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைத் தாராளமாகக் கொடுப்பது. அந்தப் பாத்தியில் என்ன விளைகிறதோ அதுவே, நிறுத்திய சத்தை மண்ணும் நீரும் எவ்வளவு தருகின்றன என்பதற்கான நேரடி அளவு. இதில் வந்த முடிவு மண் சோதனைக்காரர்களுக்கு உவப்பானதல்ல. ஒரே வட்டாரத்தில், ஒரே மண் வகையில், அடுத்தடுத்த வயல்களுக்கு இடையே மண் தரும் தழைச்சத்து பெரிதும் வேறுபட்டது. அங்ககக் கரிமத்தின் அளவை வைத்து அதை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்ற விதியின் அடித்தளத்தையே இது அசைக்கிறது. பக்கத்து வயல்காரரின் மண்ணிலிருந்து வந்த எண், நல்ல நாளிலும், நம் வயலைப் பற்றிய ஊகம்தான்.

பயிரிடமே கேட்கும் இன்னொரு வழி இலை வண்ண அட்டை. பிளாஸ்டிக் பட்டையில் வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை சில நிறங்கள், அவ்வளவுதான். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலையை அதனோடு ஒப்பிட்டு, குறிப்பிட்ட நிறத்துக்குக் கீழே போனால் மட்டும் யூரியா இடுவது. வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் நிறம், பெரும்பாலான மற்ற ரகங்களுக்கு நான்காம் நிறம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வரையறுத்திருக்கிறது. இவ்வளவு மலிவான, இவ்வளவு நம்பகமான கருவி கிராமங்களில் ஏன் பரவவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை ஒன்றுதான்: அதை விற்றால் உரக்கடைக்கு லாபமில்லை.

இதற்காக மண் சோதனையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சோதனை எண்ணை விளைச்சல் இலக்கோடு இணைத்த இந்திய முயற்சி உலக அளவில் மதிப்புக்குரியது. கோதுமையில் ராமமூர்த்தியும் உடன் பணியாற்றியவர்களும் 1967இல் நிறுவிக் காட்டியது இது. ஒரே வயலில் செயற்கையாக வளம் குறைந்த, நடுத்தர, மிகுந்த பட்டைகளை உண்டாக்கி, மூன்றிலும் பயிரிட்டு, ஒரு குவிண்டால் விளைச்சலுக்குப் பயிர் எவ்வளவு சத்து எடுக்கிறது, அதில் மண்ணின் பங்கு எத்தனை சதவீதம், உரத்தின் பங்கு எத்தனை என்று மூன்று எண்களைக் கண்டுபிடிப்பது. பிறகு உங்கள் மண் சோதனை எண்ணையும் உங்களுக்கு வேண்டிய விளைச்சலையும் சமன்பாட்டில் இட்டால் உர அளவு கிடைக்கும். தொழு உரம், உயிர் உரம் தரும் சத்தைக் கழித்துக்கொள்ளும் வடிவத்தையும் கோயம்புத்தூரில் உருவாக்கியிருக்கிறார்கள். மேலே சொன்ன 'கிலோ அல்லாத கிலோ' சிக்கலை இந்த முறை நேர்மையாகத் தீர்க்கிறது: மண் எண்ணில் எத்தனை சதவீதம் உண்மையில் பயிருக்குள் போகிறது என்பதை அது அளந்து வைத்திருக்கிறது. குறை என்னவென்றால், ஒவ்வொரு மண் வகைக்கும் பயிருக்கும் தனித்தனிச் சமன்பாடு வேண்டும். அது இல்லாத இடத்தில் பொதுப் பரிந்துரையே அட்டையில் ஏறுகிறது.

இதுவரை பேசியது மண் எவ்வளவு தரும் என்பதைப் பற்றி. தீவிர சாகுபடியில் அதைவிட முக்கியமான கேள்வி, எவ்வளவு வெளியே போகிறது என்பது. சாம்பல்சத்தை, அதாவது பொட்டாசியத்தை, பாருங்கள். நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வைக்கோலில்தான் இருக்கிறது, நெல்மணியில் கொஞ்சமே. போகத்துக்கு ஐந்து டன் நெல், ஏறக்குறைய அதே எடை வைக்கோல் என்று கொண்டு, அடியோடு அறுத்து முழுவதையும் வெளியேற்றினால் இரண்டு போகத்தில் ஹெக்டேருக்கு 170 கிலோ பொட்டாசியம் போகும். அறுவடை இயந்திரம் மேலாக அறுத்து, பாதித் தாள் வயலில் நின்று மட்கினால் வெளியேறுவது 100 கிலோவுக்கு இறங்கிவிடும். பரிந்துரைப்படி போகத்துக்கு 50 கிலோ சாம்பல்சத்து இட்டால் அதில் உள்ள பொட்டாசியம் இரண்டு போகத்துக்குச் சேர்த்து 83 கிலோ. (உரக்கணக்கில் சாம்பல்சத்தை ஆக்சைடாகவும், பயிர்க் கணக்கில் தனிமமாகவும் எழுதும் பழக்கம் விவசாயியைக் குழப்புவதற்கென்றே ஏற்பட்டது போலிருக்கிறது.) ஆற்று நீரும் கொஞ்சம் கொண்டுவரும்: லிட்டருக்கு 3 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ள நீரை ஒரு மீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் ஹெக்டேருக்கு 30 கிலோ. ஆகவே வரவும் செலவும் ஒக்குமா, ஆண்டுக்கு அறுபது கிலோ பள்ளம் விழுமா என்பதைத் தீர்மானிப்பது தாளை எந்த உயரத்தில் அறுக்கிறோம், வைக்கோல் கட்டும் இயந்திரம் எவ்வளவைச் சுருட்டிக்கொண்டு போகிறது என்பதுதான். மண் சோதனையில் இது பல ஆண்டுகளுக்குத் தெரியாது. களிமண் தன் அடுக்குகளுக்குள் வைத்திருக்கும் பொட்டாசியத்தை மெல்ல வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், அம்மோனியம் அசிடேட் எண்ணும் 'அதிகம்' என்றே வந்துகொண்டிருக்கும். அடுக்குகள் காலியான பிறகுதான் எண் சரியும். அப்போது இடும் பொட்டாஷையும் முதலில் களிமண்ணே விழுங்கும்.

மணிச்சத்தில் நிலைமை நேரெதிர். ஒவ்வொரு போகத்துக்கும் டி.ஏ.பி. இட்டு வந்த வயல்களில் அது சேர்ந்துகொண்டே போகிறது. நீலகிரியின் உருளைக்கிழங்கு, கேரட் நிலங்களில் சேரும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. விவசாயிக்கு அது வராத கடன். மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகக் குறைபாடு கூடும் என்பது தனிக் கேடு. சூப்பர் பாஸ்பேட்டை விட்டு டி.ஏ.பி.க்கு மாறியதில் இன்னொரு இழப்பும் நேர்ந்தது. சூப்பரில் பத்து சதவீதத்துக்கு மேல் கந்தகம் உண்டு, டி.ஏ.பி.யில் இல்லை. நீண்டகால உரப் பரிசோதனைகளில் சில இடங்களில் கந்தகக் குறைபாடு தலைகாட்டியது இந்த வழியாகத்தான்.

நைட்ரேட்டாக மாறிய தழைச்சத்தோ மண்ணில் தங்குவதில்லை. யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் சுண்ணாம்புக் கல்லின்மேல் கிடக்கும் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் இடைவிடாமல் பயிராகின்றன. அங்கே யூரியாவின் கணக்கை மண்ணில் தேடினால் கிடைக்காது, கிணற்று நீரில் நைட்ரேட்டாகத்தான் கிடைக்கும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. மண்ணை மட்டும் சோதித்து வளத்தை மதிப்பிடுபவர் இந்த ஊரில் பாதிக் கணக்கைத் தவறவிடுவார்.

உயிரியல் அளவீடுகளைப் பற்றி இப்போது ஆரவாரம் அதிகம். மண் விடும் மூச்சு, நொதிகளின் செயல், எளிதில் சிதையும் கரிமம் எல்லாம் மண்ணின் உயிர்ப்பைக் காட்டுபவைதான். ஆனால் இந்த மண்ணுக்கு, இந்தப் பயிருக்கு இவ்வளவு இருந்தால் இவ்வளவு உரம் குறைக்கலாம் என்ற அளவுகோல் நம்மிடம் இன்னும் உருவாகவில்லை. அகச்சிவப்புக் கதிர் கொண்டு நொடியில் அளக்கும் கருவிகளும் அப்படியே: கரிமமும் களியும் அந்த ஒளியில் தெளிவாகத் தெரியும், பயிருக்குக் கிடைக்கும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மறைமுகமாகவே தெரியும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

நம்பிக்கையான விடை வேண்டுமென்றால் காலம் வேண்டும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் பிராட்பாக் வயல் 1843 முதலும், கோயம்புத்தூரில் பழைய நிரந்தர உரப் பரிசோதனை வயல் 1909 முதலும் ஒரே பாத்திக்கு ஒரே உரம் என்று நடந்து வருகின்றன. 1970களில் தொடங்கிய அகில இந்திய நீண்டகாலப் பரிசோதனைகளும் சேர்ந்து சொல்லும் செய்தி இது: தழைச்சத்து உரம் மட்டும் இட்ட பாத்திகள் முதலில் தளிர்த்துப் பிறகு தளர்ந்தன, மூன்று சத்தும் தொழு உரமும் சேர்ந்த பாத்திகள் நின்றன. இது தெரியாத வேளாண் அதிகாரி இல்லை. ஆனாலும் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்போது, பல மடங்கு விலையுள்ள பொட்டாஷை வாங்கச் சொல்லும் அட்டை தோற்கத்தான் செய்யும். 2010இல் வந்த சத்து அடிப்படையிலான மானியத்தில் யூரியாவைச் சேர்க்காமல் விட்டதன் விளைவு இது. ஆய்வகத்தின் குறையைத் திருத்தினாலும் விலையின் கோணலைத் திருத்தாமல் எந்த மதிப்பீடும் வயலுக்கு வராது.

விவசாயி தன் கையாலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வரும் சம்பாவில் ஒரு சென்ட் இடத்தைத் தனி வரப்புக் கட்டிப் பிரியுங்கள். பக்கத்து வயலின் நீர் அதற்குள் இறங்கக் கூடாது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் துத்தநாகமும் வழக்கம்போல் இட்டு, யூரியாவையும் தழைச்சத்துள்ள மற்ற எந்த உரத்தையும் மட்டும் நிறுத்துங்கள். மணிச்சத்துக்கு டி.ஏ.பி. வேண்டாம், சூப்பர் போடுங்கள். அறுத்துக் காயவைத்து எடை போடுங்கள். சென்டுக்கு 16 கிலோ வந்தால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 4 டன், அதாவது உங்கள் மண்ணே 60 கிலோ தழைச்சத்து தருகிறது. அதற்குமேல் வேண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் 40 முதல் 50 கிலோ தழைச்சத்து போதும். 6 டன் இலக்கு என்றால் 80 முதல் 100 கிலோ, பொதுப் பரிந்துரையோ 150. வேளாண் துறை அடுத்த சுற்று அட்டையை அச்சிடும்போது, அதிலுள்ள பன்னிரண்டு சோதனை எண்களுக்குக் கீழே இந்த ஒரு சென்ட் விளைச்சலை எழுத ஒரு கட்டமும், போன ஆண்டு வைக்கோல் வயலைவிட்டுப் போனதா என்று கேட்க ஒரு கட்டமும் சேர்க்க வேண்டும்.